வீட்டில் ஓடிய நிரல் கடையில் ஓடவில்லை: விடுபட்ட டிஎல்எல் சிக்கலைத் தீர்க்க ஒரு வழிகாட்டி

அச்சகம் நடத்தும் என் சித்தப்பாவுக்காக பில் போடும் சிறு நிரல் ஒன்றை சி++ல் எழுதினேன். மடிக்கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, எக்ஸ்இ கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். இரட்டைச் சொடுக்குப் போட்டதும் பில் திரைக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை, தொடர முடியாது, நிரலை மறுபடி நிறுவினால் சரியாகலாம் என்றது.

"என்னடா, எதுவோ இல்லேங்குதே. வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றார் சித்தப்பா.

அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் நடந்தது அதேதான். ஒரு கோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல். டிஎல்எல் என்பது நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு. விண்டோஸ் நிரலை முதன்முறையாக அடுத்தவர் கணினிக்கு அனுப்புகிறவர்கள் பலரும் இந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அதை ஒழுங்காகத் தீர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எதை விட்டுவிட்டு வருகிறோம்?

சி++ நிரலில் நம் கையால் எழுதியது கொஞ்சம்தான். எழுத்துச் சரங்களை ஒட்டுவது, கோப்பைத் திறப்பது, பிழை வந்தால் பிடிப்பது, மெயின் தொடங்குவதற்கு முன் நடக்கும் ஆயத்த வேலை எல்லாம் ரன்டைம் நூலகத்தில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோ வழக்கமாக அந்த நூலகத்தை எக்ஸ்இக்குள் திணிப்பதில்லை. ஓடும்போது எந்தெந்த டிஎல்எல் தேவை என்று ஒரு பட்டியலை மட்டும் எழுதி வைக்கும். நிரல் தொடங்கும்போது விண்டோஸ் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடும். ஒன்று குறைந்தாலும் நிரல் தொடங்காது.

உங்கள் கணினியில் இந்தச் சிக்கல் வரவே வராது, ஏனென்றால் விஷுவல் ஸ்டுடியோவை நிறுவியபோதே ரன்டைமும் வந்துவிட்டது. விளையாட்டுகளும் வேறு பல மென்பொருள்களும் அதே ரன்டைமைக் கொண்டுவந்து நிறுவுகின்றன. அதனால்தான் நண்பர்களுக்குக் கொடுத்தால் சிலரிடம் ஓடும், சிலரிடம் ஓடாது. இந்த விஷயத்தில் நிரல் எழுதுகிறவரின் கணினி சொல்லும் சாட்சி செல்லாது.

பெட்டி சொல்லும் "மறுபடி நிறுவுங்கள்" என்ற யோசனையும் உதவாது. நீங்கள் கொடுத்த பொதியிலேயே இல்லாத கோப்பு, எத்தனை முறை நிறுவினாலும் வராது.

முதல் படி: பெயரை நிறுத்திப் படியுங்கள்

பெட்டியைப் பார்த்ததும் மூடிவிடாமல், விடுபட்ட கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்னால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் டி என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா? விசிரன்டைம்140டி, எம்எஸ்விசிபி140டி, யூசிஆர்டிபேஸ்டி போன்றவை டீபக் பதிப்பின், அதாவது பிழை தேடுவதற்காக உருவாக்கும் பதிப்பின், கோப்புகள். நீங்கள் டீபக் ஃபோல்டரிலிருந்து எக்ஸ்இயை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த டிஎல்எல்களைத் தேடி அனுப்ப வேண்டாம். அவற்றை மற்றவர்களுக்கு விநியோகிக்க உரிமமே இல்லை. விஷுவல் ஸ்டுடியோவில் மேலே உள்ள பட்டியலில் ரிலீஸ் (மற்றவர்களுக்குக் கொடுக்கும் பதிப்பு) என்று மாற்றி மறுபடி பில்டு செய்யுங்கள். புதியவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேயே முடிந்துவிடும்.

டி இல்லையென்றால் எண்ணைப் பாருங்கள். 140 என்றால் விஷுவல் ஸ்டுடியோ 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கும் பகிர்ந்துகொள்ளும் குடும்பம். நான்குக்கும் ஒரே ரன்டைம் பொதி (ரன்டைமை நிறுவும் மைக்ரோசாஃப்ட் கோப்பு) போதும், ஆனால் நீங்கள் பயன்படுத்திய கம்பைலரைவிட (நிரலை எக்ஸ்இயாக மாற்றும் கருவி) அது பழையதாக இருக்கக் கூடாது. 120 என்றால் 2013, 110 என்றால் 2012, 100 என்றால் 2010. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொதி. 2022க்கான பொதியை நிறுவினால் எம்எஸ்விசிஆர்120 வந்துவிடாது. நீங்கள் 2022ல் எழுதிய நிரல் 120ஐக் கேட்கிறதென்றால், யாரோ 2013ல் பில்டு செய்து வைத்த பழைய நூலகம் ஒன்று உள்ளே சேர்ந்திருக்கிறது.

விசிரன்டைம்140_1 என்று ஒரு கோப்பும் உண்டு. 64 பிட் நிரல்களில் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) கையாளும் முறை 2019ல் மாறியபோது வந்து சேர்ந்தது. பழைய 2015 பொதி நிறுவிய கணினியில் விசிரன்டைம்140 இருக்கும், இந்த _1 இருக்காது. "ரன்டைம் போட்டிருக்கேனே, ஏன் ஓடலை?" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீளமான பெயர் வந்தால், அந்தக் கணினியில் ஓடுவது அநேகமாக விண்டோஸ் 7 அல்லது 8. இது யுனிவர்சல் சிஆர்டி எனப்படும், சி ரன்டைமின் பகுதி. விண்டோஸ் 10 முதல் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. பழைய விண்டோஸுக்கு கேபி2999226 என்ற அப்டேட்டாகக் கொடுத்தார்கள். விண்டோஸ் 7ல் அதைப் போட முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: முழுப் பட்டியலையும் எடுங்கள்

பெட்டியை மட்டும் நம்பி ஒவ்வொன்றாகச் சரிசெய்தால், ஒன்று தீர்ந்ததும் அடுத்தது கிளம்பும். எக்ஸ்இ கேட்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் டெவலப்பர் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறந்து, எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டருக்குப் போய் இப்படி அடியுங்கள்:

டம்ப்பின் /டிபென்டென்ட்ஸ் பில்.எக்ஸ்இ

வரும் பட்டியலில் கெர்னல்32, யூசர்32 போன்றவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள், கவலை வேண்டாம். விசிரன்டைம், எம்எஸ்விசிபி என்று தொடங்குபவை நீங்கள் கொண்டுபோக வேண்டியவை. நீங்கள் சேர்த்த வேறு நூலகங்களின் பெயரும் அங்கே தெரியும். அந்த நூலகங்களுக்கும் தனியாக இதே கட்டளையைக் கொடுங்கள், அவற்றுக்கும் சொந்தப் பட்டியல் இருக்கும்.

கட்டளைத் திரை பிடிக்காதவர்களுக்கு டிபென்டென்சீஸ் என்ற திறந்த மூல நிரல் இருக்கிறது. எந்தக் கோப்புக்கு எது தேவை என்ற சங்கிலியை மரமாக விரித்துக் காட்டும். பழைய டிபென்டென்சி வாக்கரை இன்னும் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அது விண்டோஸ் 7 முதல் வந்த மாற்றங்களை அறியாதது. ஏபிஐ-எம்எஸ் என்று தொடங்கும் பத்து இருபது கோப்புகளைக் காணோம் என்று சிவப்பாகக் காட்டிப் பயமுறுத்தும். அவற்றில் பெரும்பாலானவை உண்மையான கோப்புகளே அல்ல, விண்டோஸ் உள்ளுக்குள் வேறு டிஎல்எல்லுக்குத் திருப்பிவிடும் பெயர்கள். ஒரு மாலை முழுவதையும் அந்தச் சிவப்பைத் துரத்துவதில் கழித்தவன் சொல்கிறேன், அதைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: 32ஆ, 64ஆ?

புதியவர்கள் மிக அதிகமாக வழுக்கி விழும் இடம் இது. எந்த ரன்டைமை நிறுவ வேண்டும் என்பதை முடிவு செய்வது வாடிக்கையாளரின் விண்டோஸ் அல்ல, உங்கள் எக்ஸ்இ. 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் ஓடினால், அதற்கு எக்ஸ்86 என்ற 32 பிட் பொதிதான் வேண்டும். 64 பிட்டுக்கான எக்ஸ்64 பொதியை ஏழு முறை நிறுவினாலும் அதே பெட்டிதான் வரும்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே விண்டோஸ் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. 64 பிட் டிஎல்எல்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் டிஎல்எல்கள் இருப்பது சிஸ்வாவ்64. பழைய நிரல்கள் உடையாமல் இருக்க சிஸ்டம்32 என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். பெயரைப் பார்த்து முடிவு செய்தால் தலைகீழாகப் போய்விடும்.

இரண்டையும் கலந்துவிட்டால் வேறொரு பெட்டி வரும்: 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு, நிரலைத் தொடங்க முடியவில்லை என்று. கோப்பு இருக்கிறது, ஆனால் பிட் பொருந்தவில்லை என்பது அதன் வழக்கமான அர்த்தம். "டிஎல்எல் இலவசமாக இறக்குங்கள்" என்று அழைக்கும் தளங்களிலிருந்து எதையோ எடுத்துப் போட்டவர்கள் அடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். அந்தத் தளங்களின் பக்கமே போகாதீர்கள். எந்தப் பதிப்பு, எத்தனை பிட், உள்ளே வைரஸ் உண்டா இல்லையா என்று எதற்கும் உத்தரவாதம் கிடையாது. உங்களை நம்பி நிரல் வாங்கியவரின் கணினி அது.

நான்காம் படி: எப்படிக் கொண்டுபோவது

மூன்று வழிகள் உண்டு. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

கடை, அலுவலகம் என்று முறையாக நிறுவித் தரும் நிரலென்றால், மைக்ரோசாஃப்டின் ரன்டைம் பொதியையே உங்கள் இன்ஸ்டாலருக்குள் வைத்துவிடுங்கள். பொதியின் பெயர் விசி_ரெடிஸ்ட்.எக்ஸ்64.எக்ஸ்இ, 32 பிட்டுக்கு எக்ஸ்64 இருக்கும் இடத்தில் எக்ஸ்86. 64 பிட் பொதி சுமார் 25 எம்பி இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும். விஷுவல் ஸ்டுடியோ நிறுவிய ஃபோல்டரில் விசி, அதற்குள் ரெடிஸ்ட், அதற்குள் எம்எஸ்விசி என்று போனாலும் இருக்கும்.

இன்ஸ்டாலர் உருவாக்க நான் இன்னோ செட்டப்பைப் பயன்படுத்துகிறேன், இலவசம், எளிது. அதன் ஸ்கிரிப்டில் ஃபைல்ஸ் பகுதியில் இந்தப் பொதியைத் தற்காலிக ஃபோல்டருக்குப் போகும்படி எழுதி, வேலை முடிந்ததும் நீக்கிவிடும் கொடியைப் போட வேண்டும். ரன் பகுதியில் அதை ஓட்டும்போது /இன்ஸ்டால் /க்வயட் /நோரீஸ்டார்ட் என்று மூன்று சொற்களைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது சொல் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் திரை குறுக்கே வந்து வாடிக்கையாளரைக் கேள்வி கேட்கும். மூன்றாவது இல்லையென்றால் கணினி தானாக மறுதொடக்கம் ஆகிவிடலாம். பாதி பில் போட்டுக்கொண்டிருந்தவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

பொதி ஓடி முடிந்ததும் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. 3010 என்றால் நிறுவியாயிற்று, மறுதொடக்கம் தேவை. 1638 என்றால் இதைவிடப் புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. இந்த மூன்றையும் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 1638ஐத் தோல்வி என்று நினைத்து நிறுவலையே நிறுத்திவிடும் இன்ஸ்டாலர்களைப் பார்த்திருக்கிறேன். பொதியை நிறுவ அட்மின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இரண்டாவது வழி, தேவையான டிஎல்எல்களை எக்ஸ்இக்குப் பக்கத்திலேயே வைப்பது. விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும், அப்புறம்தான் சிஸ்டம்32, கடைசியில் பாத் என்ற ஃபோல்டர் பட்டியல். அட்மின் அனுமதி தராத அலுவலகக் கணினிகளுக்கும் பென் டிரைவிலிருந்தே ஓட வேண்டிய நிரல்களுக்கும் இது நல்லது. கோப்புகளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சிஸ்டம்32ல் இருந்து சுரண்டாதீர்கள். மேலே சொன்ன ரெடிஸ்ட் ஃபோல்டருக்குள் பதிப்பு எண், அதற்குள் எக்ஸ்64, அதற்குள் மைக்ரோசாஃப்ட்.விசி143.சிஆர்டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். விநியோகிக்க அனுமதியுள்ள கோப்புகள் அங்கேயே தனியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஃபோல்டரில் 143 என்றும் கோப்புகளில் 140 என்றும் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். முதலாவது 2022 கம்பைலரின் எண், இரண்டாவது அந்தக் குடும்பத்தின் எண்.

இப்படிப் பக்கத்தில் வைத்த கோப்புகளை விண்டோஸ் அப்டேட் தொடாது என்பது இதன் குறை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்கள்தான் புதிய கோப்பை அனுப்ப வேண்டும்.

விஷுவல் ஸ்டுடியோ 2005, 2008 பதிப்புகளில் எழுதிய பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. அந்தக் காலத்து எம்எஸ்விசிஆர்80, 90 ஆகியவை மேனிஃபெஸ்ட் என்ற துணைக்கோப்பு வழியாகத்தான் ஏற்றப்படும். டிஎல்எல்லை மட்டும் கொண்டுபோய்ப் போட்டால் ஆர்6034 என்ற பிழை வரும். அவற்றுக்குப் பழைய பொதியை நிறுவிவிடுவதே நிம்மதி.

மூன்றாவது வழி, ரன்டைமை எக்ஸ்இக்குள்ளேயே சேர்த்துவிடுவது. ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் சி/சி++ என்ற தலைப்பின் கீழ் கோட் ஜெனரேஷன், அதில் ரன்டைம் லைப்ரரி. அங்கே மல்டி-த்ரெடட் டிஎல்எல் என்றிருப்பதை வெறும் மல்டி-த்ரெடட் என்று மாற்றுங்கள். இவற்றின் சுருக்கப் பெயர்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "எம்டி" என்றே ஆகிவிடும் என்பதால் முழுப்பெயரைச் சொல்கிறேன். மாற்றுவதற்கு முன் மேலே கான்ஃபிகரேஷன் ரிலீஸில் இருக்கிறதா என்று பாருங்கள். டீபக்கில் மாற்றிவிட்டு ரிலீஸை அனுப்பினால் எதுவும் மாறியிருக்காது.

இப்போது எக்ஸ்இ கொஞ்சம் பருக்கும், ஆனால் தனியாகவே ஓடும். ஒற்றைக் கோப்பாகக் கொடுக்கும் சிறு கருவிகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். ஆனால் நீங்கள் சேர்க்கும் எல்லா நூலகங்களும் இதே அமைப்பில் பில்டு ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிங்கர் (துண்டுகளை ஒரே எக்ஸ்இயாக இணைக்கும் கருவி) எல்என்கே2038 என்ற பிழையோடு முரண்டு பிடிக்கும். நிரல் பல டிஎல்எல்களாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரன்டைம் ஆகிவிடும். ஒன்றில் திறந்த கோப்பை இன்னொன்றில் மூடுவது, ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை இன்னொன்றில் விடுவிப்பது எல்லாம் வம்பில் முடியும். அப்படிப்பட்ட நிரலுக்கு முதல் வழியே சரி.

ஐந்தாம் படி: சுத்தமான கணினியில் ஓட்டிப் பாருங்கள்

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் புதிய விண்டோஸை நிறுவி, வேறு எதையும் போடாமல் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதியும் உண்டு, ஹோம் பதிப்பில் கிடையாது. எதுவானாலும், சோதிப்பதற்கு முன் அந்தக் கணினியின் சிஸ்டம்32ல் (32 பிட் நிரலென்றால் சிஸ்வாவ்64ல்) விசிரன்டைம்140 இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஏற்கெனவே இருந்தால் உங்கள் சோதனை எதையும் நிரூபிக்காது.

அங்கும் ஓடவில்லை, பட்டியலிலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், நிரல் ஓடும்போது தானே கேட்டு ஏற்றும் டிஎல்எல் எதுவோ குறைகிறது. டம்ப்பின் அதைக் காட்டாது. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, உங்கள் எக்ஸ்இ பெயரையும் "நேம் நாட் ஃபவுண்ட்" என்ற முடிவையும் ஃபில்டராகப் போடுங்கள். நிறைய வரிகள் கொட்டும். விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடுவதால் வழியில் இப்படிப் பல தோல்விகள் வருவது இயல்பு. எந்த டிஎல்எல் எங்குமே கிடைக்காமல் போகிறதோ அதுதான் குற்றவாளி.

வேறு கருவியில் எழுதுகிறவர்களுக்கு

திரைகள் அமைக்க உதவும் கியூடி நூலகத்தைப் பயன்படுத்தினால் வின்டிப்ளாய்கியூடி என்ற கருவி தேவையானவற்றை எக்ஸ்இக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். ப்ளாட்ஃபார்ம்ஸ் என்ற துணை ஃபோல்டரையும் அதற்குள் இருக்கும் கியூவிண்டோஸ் டிஎல்எல்லையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஃபோல்டரைக் கலைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ப்ளாட்ஃபார்ம் ப்ளகின் இல்லை என்று நின்றுவிடும். மிங்ஜிடபிள்யூ என்ற இலவசக் கம்பைலரில் விடுபடுவது லிப்எஸ்டிடிசி++-6, லிப்ஜிசிசி, லிப்வின்பித்ரெட் ஆகியவை. லிங்க் செய்யும்போது -ஸ்டேட்டிக் என்று சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டாட்நெட்டில் பப்ளிஷ் செய்யும்போது செல்ஃப்-கன்டெய்ன்ட் என்று தேர்ந்தெடுத்தால் டாட்நெட் ரன்டைமும் கூடவே வரும், அளவு மட்டும் கூடும்.

பெட்டியே வராமல் விழுந்தால்

2024 மே மாதம் விஷுவல் ஸ்டுடியோ 2022ன் 17.10 பதிப்பு வந்தபோது மியூடெக்ஸை (ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) உருவாக்கும் விதத்தை மாற்றினார்கள். அதில் பில்டு செய்த நிரல் பழைய எம்எஸ்விசிபி140 உள்ள கணினிக்குப் போனால், கோப்பு இல்லை என்ற பெட்டி வராது, ஏனென்றால் கோப்பு இருக்கிறது. நிரல் தொடங்கி, முதல் மியூடெக்ஸைப் பூட்டும் இடத்தில் சத்தமில்லாமல் விழும். பலர் தங்கள் நிரலில்தான் தவறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரன்டைம் கம்பைலரைவிடப் பழையதாக இருக்கக் கூடாது என்று முதல் படியில் சொன்ன விதி மீறப்பட்டதுதான் காரணம். புதிய பொதியை நிறுவியதும் சரியாகிவிடும்.

இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறவர்கள் இதில் எளிதாக மாட்டிக்கொள்வார்கள். எக்ஸ்இக்குப் பக்கத்தில் 2019ல் வைத்த பழைய டிஎல்எல் அப்படியே கிடக்கும். நீங்கள் எக்ஸ்இயை மட்டும் புதிதாக அனுப்புவீர்கள். சிஸ்டம்32ல் புதிய பதிப்பு இருந்தாலும் விண்டோஸ் பக்கத்தில் இருக்கும் பழையதைத்தான் எடுக்கும். அதனால் அந்த நகலெடுக்கும் வேலையைக் கையால் செய்யாமல், பில்டு முடிந்ததும் தானாக ஓடும் ப்ராஜெக்டின் போஸ்ட்-பில்டு ஈவென்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ரிலீஸ் பில்டு ஆகும் ஒவ்வொரு முறையும் ரெடிஸ்ட் ஃபோல்டரிலிருந்து புதிய கோப்புகள் எக்ஸ்இக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.